ஒரு நாளில் இருவர் குகை பார்க்க: சித்தன்னவாசலா, பெலுமா?

சென்னையில் இருக்கும் எங்கள் அண்ணன் மகனுக்குப் போன ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. பொங்கலுக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். போன வாரம் போனில் கேட்டான்: "அத்தை, இவளுக்குக் குகை பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. பூமிக்கு அடியில இறங்கிப் போற மாதிரி பெரிய குகை. உங்க ஊர்லேருந்து காலையில கிளம்பிப் போய்ட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடற மாதிரி ஏதாவது இருக்கா?"

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்தில் உட்கார்ந்துகொண்டு இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கம் கல்லே கிடையாது. கொல்லையில் குழி வெட்டினால் வண்டல், அதற்குக் கீழே மணல், அப்புறம் தண்ணீர். அவ்வளவுதான். குகை உண்டாவதற்கு முதலில் பாறை வேண்டுமே. காவிரி காலம் காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மண்ணின்மேல் குடியிருப்பவர்கள் நாங்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது, நார்த்தாமலைப் பக்கத்துக் கல் என்பார்கள். கொள்ளிடம் தாண்டினால் அரியலூரில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. ஆனால் அங்கே பார்க்கக் கிடைப்பது சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டிய பள்ளங்கள்தான்.

நானும் எங்கள் வீட்டுக்காரரும் சித்தன்னவாசலுக்கு மூன்று முறை போயிருக்கிறோம். ஆந்திராவில் இருக்கும் பெலும் குகைக்கு ஒரு முறை. அவருக்கு வயது 62, முழங்காலில் வலி உண்டு. எனக்கு நடப்பதில் சிரமம் இல்லை, ஆனால் அடைத்த இடம் என்றால் கொஞ்சம் படபடக்கும். இந்த உடம்புகளை வைத்துக்கொண்டு பார்த்ததைத்தான் அவனுக்குச் சொன்னேன். ஜோடியாக ஒரு நாள் வெளியே போய்வர நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பூமிக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் குகைதான் வேண்டும் என்றால், டெல்டாவிலிருந்து காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் தூரத்தில் அப்படி ஒன்று இல்லை. மலையில் இயற்கையாக அமைந்த பாழி என்கிற பாறைக்குகை, பாறையைக் குடைந்த கோயில் என்றால் நிறைய இருக்கின்றன. கொடைக்கானலில் டெவில்ஸ் கிச்சன் என்ற இடம் உண்டு. அங்கே கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாமே தவிர உள்ளே இறங்க விடமாட்டார்கள். அதற்காக அவ்வளவு தூரம் மலையேற வேண்டாம்.

விசாகப்பட்டினத்துக்கு மேலே அரக்குப் பக்கம் இருக்கும் போரா குகைகளையும் சிலர் சொல்வார்கள். ரயிலிலேயே குகையின் பக்கம் வரை போகலாம், வழியெல்லாம் சுரங்கப்பாதை, குகையின் வாயும் மிகப் பெரியது, மூச்சு முட்டாது. ஆனால் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ஓர் இரவு, அங்கிருந்து விசாகப்பட்டினத்துக்கு இன்னோர் இரவு. நாலைந்து நாள் கையில் இருப்பவர்களுக்குச் சரி. ஒரு நாள் கணக்கில் அது சேராது.

ஆகவே நிஜமான போட்டி சித்தன்னவாசலுக்கும் பெலுமுக்கும்தான்.

பெலும் நந்தியால் மாவட்டத்தில், கொலிமிகுண்ட்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய கணக்கில் கர்நூல் மாவட்டம். குகையின் மொத்த நீளம் 3,229 மீட்டர். அதில் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குத்தான் நம்மை விடுகிறார்கள். 1884இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இதைப் பதிவு செய்தார். சென்னைப் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். அதற்குப் பிறகு நூறு வருஷம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1982, 83இல் ஜெர்மானியக் குகை ஆய்வாளர்கள் வந்து உள்ளே புகுந்து அளந்து வரைபடம் போட்டார்கள். ஆந்திர சுற்றுலாத் துறை வழி அமைத்து, விளக்குப் போட்டு, 2002இல் மக்களுக்குத் திறந்துவிட்டது.

நாங்கள் போனது ஒரு மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து நெல்லையும் கொள்முதலுக்குப் போட்டாயிற்று. திருப்பதிக்கு வேண்டுதல் பாக்கி இருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து திருப்பதி போகும் ரயில் எங்கள் மெயின்லைன் வழியாகத்தான் போகிறது. அதில் கும்பகோணத்தில் ஏறினோம். ஒரு நாள் தரிசனம், மறுநாள் பெலும் என்று திட்டம். டெல்டாக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. திருப்பதிக்கு எப்படியும் போகத்தான் போகிறோம், அதோடு ஒரு நாளைக் கூட்டிக்கொண்டால் போதும்.

திருப்பதியிலிருந்து வாடகைக் காரில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். ராஜம்பேட்டை, கடப்பா, ஜம்மலமடுகு என்று போய்ச் சேர மணி பத்தாகிவிட்டது. போக மட்டும் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். காருக்கு ஏழாயிரம் கொடுத்தோம். அதற்கு முந்தின வருஷம் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் இதே இடத்துக்குப் பணம் கட்ட இருந்தோம். நல்ல வேளையாக விசாரித்துப் பார்த்தோம். நாலு ஊரைச் சேர்த்துக் குகைக்கு வெறும் நாற்பது நிமிஷம்தான் ஒதுக்கியிருந்தார்கள். குகைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வேண்டும். யாராவது உங்களுக்கு இதை ஏற்பாடு செய்துகொடுத்தால், முதலில் அந்த நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பார்த்ததும் எங்கள் வீட்டுக்காரர், "என்ன, மலையே காணோம்?" என்றார். உண்மைதான். நாம் குகை என்றதும் அண்ணாந்து பார்ப்போம். பெலுமில் குனிந்துதான் பார்க்க வேண்டும். சமதரையான நிலத்தில் கிணறு மாதிரி மூன்று பள்ளங்கள். நடுப்பள்ளத்தில் படி வைத்திருக்கிறார்கள். இறங்க இறங்க வெளிச்சம் வட்டமாகச் சுருங்கித் தலைக்கு மேலே போய்விடுகிறது. அப்புறம் கல் வளைவு ஒன்று. அதைத் தாண்டினால் நிலத்துக்கு அடியில் தெருத் தெருவாகப் பிரிகிறது.

நான் அங்கே எதிர்பார்த்தது இருட்டும் குளிர்ச்சியும். கிடைத்தது வெக்கை. பத்து நிமிஷத்தில் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து, துடைத்துத் துடைத்துக் கடைசியில் கழற்றிப் பையில் வைத்துவிட்டார். அங்கங்கே குழாய் வழியாக வெளிக்காற்றை இறக்குகிறார்கள். அந்தக் காற்று படும் இடத்தில் எல்லாரும் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் நகர்கிறார்கள். சில இடத்தில் பந்தல் போடுகிற மாதிரி விசாலம். சில இடத்தில் ஒருக்களித்து, தலையைக் குனிந்து போக வேண்டும். எனக்கு அங்கேதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. முன்னால் போன அவர் கையைப் பின்னால் நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

உள்ளே இருப்பதைப் பார்த்தபின் அந்தச் சிரமம் பெரிதாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோடிலிங்கம் என்று ஓர் இடம். கூரையிலிருந்து சுண்ணாம்புக்கல் லிங்கம் லிங்கமாகத் தொங்குகிறது. ஆலமர மண்டபம் என்று ஒன்று, விழுது விட்ட மாதிரியே. பாம்புப் படம் ஆயிரம் விரித்தாற்போல் ஒரு கூரை. சப்தஸ்வர குகையில், தொங்கும் கல்லை வழிகாட்டி விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். கல் சத்தமே இல்லை அது. வெண்கலப் பானையைச் சுண்டினால் வருமே, அந்தச் சத்தம்.

இது எப்படி உண்டானது என்று வழிகாட்டி அரைகுறைத் தமிழில் விளக்கினார். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் விரிசல் வழியாக இறங்கி, லட்சக்கணக்கான வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைக் கரைத்து வழி பண்ணுகிறது. கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாக மறுபடி உறைந்து விழுதாகத் தொங்குகிறது. கேட்டதும் எனக்கு எங்கள் அடுப்படி மேடை ஞாபகம் வந்தது. கடப்பா கல் மேடை. எலுமிச்சம்பழம் பிழிந்த சாறு அதில் சொட்டி, துடைக்காமல் விட்டால், மறுநாள் அந்த இடம் வெளுத்துப் போயிருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது. விரலால் தடவினால் மற்ற இடம் வழவழப்பாக இருக்கும், அந்த இடம் மட்டும் சொரசொரக்கும். கறை படிந்துவிட்டது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கல்தான் கரைந்திருக்கிறது. பெலும் குகை இருப்பதும் கடப்பா கல் வெட்டும் அதே சுண்ணாம்புக்கல் அடுக்கில்தான். என் அடுப்படியில் ஒரு ராத்திரியில் எலுமிச்சை செய்ததை அங்கே மழை யுகக்கணக்காகச் செய்திருக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன். அதே கருங்கல் நிறம், அதே வழவழப்பு.

கடைசியில் பாதாளகங்கை. அதுதான் குகையிலேயே ஆழமான இடம், வாசல் மட்டத்திலிருந்து 46 மீட்டர். அங்கே ஒரு சிற்றோடை வற்றாமல் ஓடிப் பாறைக்குள் மறைந்துவிடுகிறது. இறங்க இரும்புப் படி. செங்குத்து. அதைப் பார்த்ததும் அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நீ போய்ட்டு வா. நான் இங்க காத்துல உட்கார்ந்திருக்கேன்."

"நீங்க வரலைன்னா எனக்கும் வேண்டாங்க."

"இவ்வளவு தூரம் வந்துட்டு தண்ணிய பார்க்காமப் போவியா? போ. ஆத்தங்கரைக்காரி நீ."

போனேன். தண்ணீர் பெரிதாக ஒன்றும் இல்லை, நம் ஊர்க் கன்னி வாய்க்காலில் பாதி கூட வராது. ஆனால் பகலே இல்லாத இடத்தில் அது தன்பாட்டுக்குச் சலசலத்துக்கொண்டிருந்தது. குனிந்து கையை நனைத்தேன். மேலே ஏறி வந்து ஈரக் கையை அவர் நெற்றியில் வைத்தேன். பெலுமைப் பற்றி எங்கள் இருவருக்கும் மிச்சமிருக்கும் ஞாபகம் அதுதான். ஆனாலும் அங்கே இருவரும் சேர்ந்து நிற்கவில்லையே என்று எனக்கு இன்னும் குறை.

திரும்புகிற வழியில் கண்டிக்கோட்டையில் பெண்ணாற்றின் பள்ளத்தாக்கைப் பார்த்தோம். செக்கச் சிவந்த பாறை, கீழே ஆறு. கொஞ்ச நேரம்தான் நின்றோம், உடம்பில் தெம்பு இல்லை. திருப்பதி அறைக்கு வரும்போது இரவு மணி பத்து.

இப்போது சித்தன்னவாசல். கும்பகோணத்திலிருந்து போனால் தஞ்சாவூர் 40 கிலோமீட்டர், அங்கிருந்து கந்தர்வக்கோட்டை வழியாகப் புதுக்கோட்டை ஏறக்குறைய 60, அப்புறம் அன்னவாசல் சாலையில் 16. காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் மலையடிவாரத்தில் நிற்கலாம். நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். இருவருக்கும் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

இங்கே பார்க்க இரண்டு உண்டு. ஒன்று ஏழடிப்பட்டம். மலையின் மேலேறி, ஒரு பக்கம் சரிவு இருக்கும் பாறை ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால் இயற்கையான பாழி. உள்ளே சமணத் துறவிகள் படுத்திருந்த கற்படுக்கைகள் 17. தலை வைக்கிற இடத்தை மேடாக விட்டுத் தலையணை மாதிரியே செதுக்கியிருக்கிறார்கள். கையை வைத்துப் பாருங்கள், வெயில் கொளுத்துகிற நேரத்திலும் சில்லென்று இருக்கும், கண்ணாடி மாதிரி வழுக்கும். ஒரு படுக்கையின் பக்கத்தில் இரண்டாயிரம் வருஷத்துத் தமிழ் பிராமி எழுத்து. அங்கே உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டிய வரை புதுக்கோட்டைச் செம்மண் பூமியும் ஏரிகளும் தெரியும். காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அவர் ஏறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ஏறிவிட்டார்.

இன்னொன்று அறிவர் கோயில், பாறையைக் குடைந்த சமணக் கோயில். படி குறைவு, யாரும் போகலாம். 9ஆம் நூற்றாண்டில் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்பவர் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. கூரையில் தாமரைக்குளம் தீட்டியிருக்கிறார்கள். பாதிக்குமேல் மங்கிவிட்டது. முதல் பார்வையில் பச்சையாக ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றும். அப்படியே ஐந்து நிமிஷம் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு இலை. அதற்கடியில் மீன். தண்ணீரில் நிற்கும் எருமை. யானை. தோளில் தாமரைத்தண்டைச் சாய்த்துப் பூப்பறிக்கும் ஓர் ஆள். ஏரியும் குளமுமாக வளர்ந்த நமக்கு அந்தக் குளம் அந்நியமில்லை. இந்த ஓவியமும் சுண்ணாம்புப் பூச்சின்மேல்தான் நிற்கிறது. பெலுமில் தண்ணீர் கரைத்து எழுதியது போல, இங்கே மனிதன் குழைத்து எழுதியிருக்கிறான்.

கருவறைக்குள் நின்று மெதுவாக 'ம்' என்று இழுத்துப் பாருங்கள். சத்தம் நம் வாயிலிருந்து வருகிற மாதிரியே இருக்காது, சுவரெல்லாம் சேர்ந்து முனகும். கூட்டம் இல்லாத நேரத்தில் நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் இருந்தால் குடுமியான்மலை. அங்கேயும் குடைவரை உண்டு, அதன் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு. சுரங்களைக் கிரந்த எழுத்தில் வரிசை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். தை மாதம் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்குப் போய் உட்கார்ந்து கேட்கிறவர்கள் இதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நார்த்தாமலையும் பக்கம்தான். விஜயாலய சோழீச்சரமும் அதற்கு எதிரே இரண்டு குடைவரைகளும், ஒன்றில் ஆளுயரத்துக்கு 12 விஷ்ணு சிலைகளும் உண்டு. சுனைக்குள் மூழ்கிக் கிடக்கும் லிங்கமும் உண்டு. ஆனால் மொட்டைப் பாறையில் நடக்க வேண்டும், பதினோரு மணிக்குமேல் செருப்பைக் கழற்றினால் கால் வெந்துவிடும். ஒரே நாளில் இரண்டையும் திணிக்காமல் ஒன்றை விட்டுவிடுங்கள். நான் குடுமியான்மலையைத்தான் எடுப்பேன்.

அரை நாள்தான் இருக்கிறது என்கிறவர்களுக்குத் திருச்சி மலைக்கோட்டை. உச்சிப்பிள்ளையாருக்குப் போகிற வழியில் மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறிப் போகிறார்கள். அங்கே ஒரு சுவர் முழுக்கக் கங்காதரர் சிற்பம். தூணில் உள்ள கல்வெட்டுப் பாடல், நதிகளை விரும்பும் சிவன் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று பார்வதி பயந்து, பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே வந்து தங்கிவிட்டாள் என்கிறது. ஜோடியாகப் போகிறவர்கள் அதன் முன்னால் பத்து நிமிஷம் நின்று படித்துவிட்டு ஏறுங்கள்.

சரி, எதை எடுப்பது? இருவரில் யாருக்கு உடம்பு முடியாதோ அவரை வைத்து முடிவு செய்யுங்கள் என்பேன். ஆசைப்படுகிறவரை வைத்து முடிவு செய்தால் ஒருவர் பார்ப்பார், ஒருவர் காத்திருப்பார். ஆஸ்துமா, ரத்தக்கொதிப்பு, அடைத்த இடத்தில் பயம், இதில் எது இருந்தாலும் பெலும் வேண்டாம். முழங்கால் மட்டும்தான் பிரச்சினை என்றால் பெலுமுக்குப் போகலாம், பாதாளகங்கையை விட்டுவிடலாம். மாசம் இருக்கும் பெண்கள் இரண்டிலும் மேலே ஏறுவதையோ கீழே இறங்குவதையோ செய்ய வேண்டாம். அறிவர் கோயிலோடு திரும்பிவிடலாம். பேசிக்கொண்டு, உட்கார்ந்து, நம் இஷ்டத்துக்கு நடப்பதற்குச் சித்தன்னவாசல்தான். பெலுமில் விடுமுறை நாட்களில் முன்னாலும் பின்னாலும் ஆட்கள், வழிகாட்டியின் வேகம்தான் நம் வேகம். ஆனால் சித்தன்னவாசலை எத்தனை முறை பார்த்தாலும், பூமிக்குள் போய்வந்தோம் என்ற உணர்வு வராது. அது பெலுமில் மட்டும்தான் கிடைக்கும். உடம்பு இடம்கொடுக்கிற வயதில் அதைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். நாங்கள் பத்து வருஷம் முந்திப் போயிருக்க வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். சித்தன்னவாசல் ஐப்பசி மழை விட்டபின் மாசி வரை நன்றாக இருக்கும், மழை பெய்த அன்று மட்டும் பாறை வழுக்கும். பெலுமுக்கு மார்கழி முதல் மாசி வரை. சித்திரையில் ராயலசீமா வெயிலில் காரை விட்டு இறங்கவே முடியாது. எங்களைப் போல வயல் வைத்திருப்பவர்களுக்கு அறுவடை முடிந்த மாசிதான் தோது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்துவிட்டால் அப்புறம் எங்கே நகர்வது?

இதையெல்லாம் யோசித்துத்தான் அண்ணன் மகனுக்குச் சொன்னேன்: "பொங்கலுக்கு வர்றப்ப காணும் பொங்கல் கூட்டத்துல போகாதீங்க. அது முடிஞ்சு மறுநாள் சித்தன்னவாசல் போய்ட்டு வாங்க. கட்டுச்சாதம் கட்டித் தர்றேன். பெலும் உங்களுக்கு என் வீட்டுலேருந்து போறதைவிடச் சென்னையிலேருந்துதான் சுளுவு. மும்பை போற ரயில்ல சிலது தாடிபத்ரியில நிக்கும், அங்கேருந்து முப்பது கிலோமீட்டர்தான். ராத்திரி ஏறினா பகல் முழுக்கக் குகை, மறுபடி ராத்திரி ரயில். மாசியில போங்க. அதுக்குள்ள விசேஷம் ஏதாவது இருந்தா அடுத்த மாசிக்குப் போங்க."

அவன் சிரித்தான். பக்கத்திலிருந்து அவள் போனை வாங்கி, "அத்தை, உள்ள ரொம்ப வேர்க்குமா?" என்றாள்.

"ஆளுக்கு ரெண்டு துண்டு, மாத்துத் துணி, தண்ணி பாட்டில். பட்டும் ஷிபானும் வேண்டாம், பருத்தி போட்டுக்க. கீழ பாதாளகங்கைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து இறங்குங்க. தண்ணி கொஞ்சமாத்தான் ஓடும். ரெண்டு பேரும் கையை நனைச்சுட்டு வாங்க."